வைஹாரோவுக்கு வாய் வைத்த கதை

வைஹாரோ ஆற்றுக்கு வாய் வைக்கப் போகிறார்கள் என்ற சங்கதி ஹூஹானாவுக்குத் தெரிந்தபோது, அந்த ஆற்றின் சட்டபூர்வக் காப்பாளரான அவளுடைய பெரியப்பா மகன் அபெராஹாமாவுக்கே அது தெரியாது. ஹூஹானாவுக்கு எல்லாமே அப்படித்தான் முந்தித் தெரியும். மராயின் சமையற்கட்டு ஜன்னலில் நின்றால் வாசல் கேட் தெரியும். கேட்டுக்கு வெளியே யார் எந்தக் காரில் வந்தார்கள், இறங்குமுன் யாரோடு குசுகுசுத்தார்கள் என்பதும் தெரியும். மிச்சத்தை உருளைக்கிழங்கு உரிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மராய் என்பது நியூசிலாந்தின் மாவோரிக் குடிகளுக்குப் பொதுவான இடம். முன்னால் ஒரு திறந்த புல்வெளி. அதைப் பார்த்தபடி, மூதாதையின் உடம்பாகவே கருதப்படும் செதுக்குவேலை செய்த வீடு. பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம். கூடத்துக்குப் பின்னால் ஹூஹானாவின் ராஜ்ஜியம். அங்கே மேஜைமேல் உட்கார்ந்தவர்களும், பாத்திரம் துடைக்கிற துணியில் கை துடைத்தவர்களும் அடுத்த வேளை சோற்றுக்கு வந்ததில்லை.

அன்றைக்கு மூன்று சாம்பல் நிறக் கார்கள் வந்து நின்றன. முதல் காரிலிருந்து இறங்கியவன் டங்கன், ஹார்க்னெஸ் வட்டார மன்றத்தின் பழங்குடி உறவு அதிகாரி. கழுத்தில் மாவோரிகளைப் போலப் பச்சைக்கல் தொங்கட்டான். நாற்பது மாவோரிச் சொற்கள் தெரியும். அத்தனையையும் முதல் இரண்டு நிமிஷத்தில் செலவழித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பான். ஹூஹானாவை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கும் அவனுக்கும் நாலே வயது வித்தியாசம்.

அந்த நாட்டில் ஆறு சட்டப்படி ஓர் ஆளாகி வெகு காலம் ஆகியிருந்தது. வைஹாரோவும் அப்படித்தான். வழக்குப் போடலாம், வழக்கில் நிற்கலாம், ஓட்டுதான் போட முடியாது. ஆள் என்றால் பேச வேண்டுமே, அதற்காக இரண்டு காப்பாளர்கள்: அரசாங்கத்துக்கு ஒருவர், குடிக்கு ஒருவர். குடியின் காப்பாளர் அபெராஹாமா. ஏபி என்பார்கள். அவரிடம் மன்றம் எதைக் கேட்டாலும், சனங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். சனங்கள் மூன்று நாள் கூடுவார்கள். பேசுவார்கள், பாடுவார்கள், செத்தவர்களை நினைத்து அழுவார்கள், புகையில் வாட்டிய விலாங்கு மீனைச் சாப்பிடுவார்கள். நாலாம் நாள் மன்றத்துக்குப் பதில் போகும்: இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இதைப் பொறுக்கமாட்டாமல்தான் மன்றம் டஸ்க்லைன் என்கிற கணினிக் கம்பெனியைக் கூட்டிவந்தது. கம்பெனி, மலையடி ஊற்றிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றுக்குள் நானூறு சென்சார்களை இறக்கியது. தண்ணீரின் சூடு, வேகம், உப்பு, மீனின் நடமாட்டம் எல்லாம் அதில் தெரியும். பேச்சுக்கு என்ன செய்வது? நாற்பது வருஷமாக இந்தக் குடி தன் ஆற்றைப் பற்றி விசாரணைகளில் பேசிய பேச்சின் ஒலிப்பதிவெல்லாம் மன்றத்தின் கிடங்கில் தூசி படிந்து கிடந்தது. அதைக் கேட்க மன்றத்துக்கு நேரம் இருந்ததில்லை. இயந்திரத்துக்கு இருந்தது. ஒரே வாரத்தில் கேட்டு முடித்தது.

ரொட்டி அடுப்பு அளவுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு நீல விளக்கு. சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை.

"நான் மலையில் பிறந்தேன். உங்கள் ஒவ்வொருவரையும் உங்கள் பாதங்களைக் கொண்டு அறிவேன். என்ன சொல்ல வந்தேன் என்றால்..." என்று சொல்லி ஒரு கணம் தொண்டையைக் கனைத்தது.

ஏபி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தக் கனைப்பு அவருடைய அப்பாவுடையது. மனிதர் மண்ணுக்குள் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கூடம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். டங்கன் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறு கையால் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஹூஹானா மட்டும் அழவில்லை. நல்லாத்தான் பேசுது, நம்ம வீட்டுப் பாத்திரத்துல நமக்கே பரிமாறுறான் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு, கேக் வெட்டப் போனாள்.

அதற்கப்புறம் ஆற்றுக்கு ஓய்வே இல்லை. ஹார்க்னெஸ் ஊரின் ரோஜாக் கண்காட்சியை அது திறந்துவைத்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போனது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதன் சொற்களை அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு நாயோடு நடை போனார்கள். நூறு வருஷமாக அந்த ஆற்றில் குப்பை கொட்டிய குடும்பங்களெல்லாம், ஆறு தங்களோடு பேசிவிட்டது என்று உருகின. ஏபியின் பதவிக்கு மட்டும் கௌரவ ஆலோசகர் என்று பெயர் மாற்றம் வந்தது. ஆறே வாய் திறந்து பேசும்போது அதன் சார்பில் இன்னொருவர் எதற்கு? அவரும், சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பட்டத்தைக் கடிதத் தலைப்பில் அச்சடித்து வைத்துக்கொண்டார்.

சங்கதி எப்போது உறைத்தது என்றால், அந்தக் கோடையில். மேலே இருந்த மாட்டுப் பண்ணைகளின் கழிவு இறங்கி, மராய்க்குக் கீழே தண்ணீர் நாறியது. ஹூஹானா மன்றத்துக்குப் போன் போட்டாள். டங்கன் ரொம்பப் பதமாகப் பேசினான்.

"உங்க உணர்வை நான் மதிக்கிறேன், ஆன்ட்டி. ஆனா ஆறு அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"என் மூக்கு சொல்லுது, டங்கன்."

"சட்டப்படி ஆள் அதுதானே? நேத்து சாயங்காலம்கூடக் கேட்டோம். வர்றவங்களை எல்லாம் வாழ்த்துறேன்னுதான் சொல்லிச்சு."

ஹூஹானா போனை வைத்தாள். இதுவரைக்கும் அவர்கள் சொன்னதை மன்றம் கேட்டதில்லை, அது பழகிப்போன விஷயம். இப்போது அவர்கள் சொன்னதைக் கொண்டே அவர்கள் வாயை அடைக்கிறார்கள். இது புதுசு.

அடுத்த மாதம் டஸ்க்லைன் கம்பெனியின் மனு வந்தது. மலையடி ஊற்றில் கோடை நீரில் மூன்றில் ஒரு பங்கு வேண்டுமாம். கணினிக் கொட்டகைகளைக் குளிர்விக்க. அந்தக் கொட்டகைகளில் ஒன்றில்தான் ஆற்றின் வாயும் இருந்தது. அதாவது, ஆறு பேச வேண்டுமானால் ஆற்றைக் குடிக்க வேண்டும். இதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் ஹார்க்னெஸ் ஊரின் லட்சணம். பண்ணைகள் உறிஞ்சுவது போக இதுவும் போனால் கோடையில் ஊற்றுக்குக் கீழே வெறும் கல்தான். கடலுக்குப் போய் முட்டையிட வேண்டிய விலாங்குகள் அந்தக் கல்லிலேயே காய வேண்டியதுதான்.

சட்டப்படி ஆற்றின் சம்மதத்தை இரண்டு தடவை கேட்க வேண்டும். முதலில் மராயில் திறந்த அமர்வு. ஆறு வாரம் கழித்து மன்றத்தில் இறுதி விசாரணை.

திறந்த அமர்வு வழக்கப்படிதான் நடந்தது. கேட்டில் நின்ற விருந்தாளிகளைப் பெண்கள் குரல் கொடுத்து உள்ளே அழைத்தார்கள். புல்வெளியில் இரண்டு பக்கத்துப் பேச்சும் முடிந்தது. மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்தார்கள். அப்புறம் கூடத்தில் சாப்பாடு. கம்பெனிக்காரர்கள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். தட்டுகளை எடுத்தபின் பெட்டியின் நீல விளக்கு எரிந்தது.

"என்னிடம் வந்தவர்களை நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை," என்றது ஆறு. "நிறைய இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் கேளுங்கள்."

கம்பெனியின் மேலாளர் தலை குனிந்து வணங்கினார். டங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் குடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேச்சு பிடிக்கவில்லையென்றால் பெண்கள் எழுந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு ஆரம்பித்தால் எவ்வளவு பெரிய ஆளானாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஹூஹானா எழுந்தாள். அவளோடு எட்டுப் பெண்கள் எழுந்தார்கள். பாடினார்கள்.

ஆறு நிறுத்தவில்லை. பாட்டுக்கு மேலேயே, அதே இதமான குரலில், தாராள மனசைப் பற்றிப் பேசிக்கொண்டே போனது. பாட்டு முடிந்ததும் டங்கன் கைதட்டினான்.

பாத்திரம் கழுவும் நேரத்தில் ஹூஹானாவின் தம்பி மகள் மாரேவா பின்கதவு வழியாக வந்தாள். முப்பத்துநாலு வயது, டஸ்க்லைனில் வேலை. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுடையது. இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்கள் அவளிடம் வானிலையை மட்டும் பேசிவந்தார்கள். ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அது பொய் சொல்லலை அத்தை. நாம சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுது."

"எவ சொன்னா, எடுத்துக்கன்னு?"

"நீங்கதான். பதினாலாவது ஒலிப்பதிவு. நிறைய இருக்கு, எடுத்துக்கங்க, போதலைன்னா கேளுங்க."

"அது உருளைக்கிழங்குக்குச் சொன்னதுடி."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

ஹூஹானா குழாயை மூடினாள். நாற்பது வருஷம் பேசியிருக்கிறோமே என்றாள். அணை கட்ட வந்த மந்திரியை ஏபியின் அப்பா புல்வெளியில் நிற்கவைத்து வைத வைவில் மந்திரியின் மனைவி அழுதுவிட்டாளே, ஜல்லி அள்ளியவன் முகத்துக்கு நேரே அவன் பாட்டன் திருடின கதையைச் சொன்னோமே, அதெல்லாம் எங்கே?

"அதெல்லாம் எங்க வச்சுப் பேசினீங்க?"

"புல்வெளியிலதான். வேற எங்க பேசுவாங்க?"

"அங்க ரெக்கார்டர் ஓடிச்சா அத்தை?"

அந்தக் குடியின் முறைப்படி வெளியே இருக்கும் புல்வெளி சண்டைக்கானது. வந்தவனை வைத்துக்கொண்டே எதையும் சொல்லலாம், எவ்வளவு சூடாகவும் சொல்லலாம். ஆனால் வீட்டுக்குள் வந்தபின், அதுவும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபின், சமாதானம்தான் பேச வேண்டும். வெளிக்கோபத்தை உள்ளே கொண்டுவருவது அசிங்கம். புல்வெளியில் சொன்னது காற்றோடும் செத்தவர்களோடும் போக வேண்டும், அங்கே ஒலிப்பதிவு கூடாது என்பது ஏபியின் அப்பா போட்ட விதி. அதை நடத்திக் காட்டியவள் ஹூஹானா. நாற்பது வருஷத்துக்கு முன், முதல் விசாரணையிலேயே, மன்றத்துச் சுருக்கெழுத்துக்காரன் கையிலிருந்த ரெக்கார்டரைப் பிடுங்கி மாவு டின்னுக்குள் போட்டு மூடினாள். கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அதற்கப்புறம் மன்றத்துக்காரர்கள் எப்போதுமே சாப்பாட்டுக்குப் பிறகுதான் ரெக்கார்டரைப் போட்டார்கள். பெண்கள் பாடிப் பேச்சை நிறுத்திய இடங்களைக்கூட, இடைவேளை என்று வெட்டியெறிந்திருந்தார்கள்.

"நாம பேசினதுல பாதிதான் அதுக்குத் தெரியும்," என்றாள் மாரேவா. "சாப்பிட்டதுக்கு அப்புறம் பேசின பாதி."

"இன்னும் கத்துக்குமா அது?"

"கேட்கிறதெல்லாம் கத்துக்கும். அதுலயும் மராயில பேசினா அதுக்குக் கனம் அதிகம். மரியாதைக்காக அப்படி வச்சிருக்காங்க."

"மரியாதைக்காக," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள் ஹூஹானா.

பெட்டியைப் புல்வெளிக்குக் கொண்டுவர, விதியை ஒரு நாளைக்குத் தளர்த்த வேண்டும் என்று அவள் கேட்டபோது ஏபி ஒப்புக்கொள்ளவில்லை. விதி போட்டது என் அப்பா, நீ டின்னுல போட்டே, அவ்வளவுதான் என்றார். விதி போட்டவர் கனைப்பே இப்போ அந்தப் பெட்டியில இருக்கு என்றாள் அவள். ஏபி விடவில்லை.

"நம்ம நல்ல பேச்சை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இப்போ நம்ம கோபத்தையும் நாமளே தூக்கிக் கொடுக்கணுமா? அதுவும் அவங்க கொட்டகைக்குள்ள போயிட்டா, அப்புறம் நமக்குன்னு என்ன இருக்கும்?"

"தண்ணி இருக்கும்," என்றாள் ஹூஹானா.

அடுத்த சனிக்கிழமை காலையில் மாரேவா பெட்டியைக் கொண்டுவந்தாள். பராமரிப்பு வேலை என்று கம்பெனியில் எழுதி வைத்திருந்தாள். இதை எப்படி உள்ளே வரவேற்பது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். விருந்தாளி என்றால் கேட்டில் நிற்கவைத்துக் கூப்பிட வேண்டும். வீட்டு ஆள் என்றால் கூப்பிடக் கூடாது. கடைசியில், ரொம்ப நாள் வெளியூரில் இருந்து தாமதமாக வந்த சொந்தக்காரன் மாதிரி, பின்கதவு வழியாகச் சமையற்கட்டைத் தாண்டித் தூக்கிவந்து புல்வெளியில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள்.

பேசினார்கள். ஜல்லி அள்ளியவனைப் பற்றி, அணை கட்டியவனைப் பற்றி, இடுகாட்டுக்கு மேலே சாக்கடைக் குழாய் போட்டுவிட்டு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதிய மன்றத்தைப் பற்றி. பெயர் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி, அவன் எந்த வீட்டில் இருக்கிறான், அந்த வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதுவரை. ஏபி முதலில் எழுந்து கடிதத் தலைப்புக்குத் தகுந்த மாதிரி பேசினார். பதினோராவது நிமிஷம் பெண்கள் எழுந்து பாடிவிட்டார்கள். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தபோது தன் அப்பா மந்திரியை வைததை வார்த்தை பிசகாமல் சொன்னார். குழந்தைகளைக் காதைப் பொத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் குடியில் பெண்கள் புல்வெளியில் நின்று பேருரை ஆற்றுவதில்லை. ஹூஹானா ஒன்றுக்கு மேல் விதியை மீற விரும்பவில்லை. சமையற்கட்டுப் படியிலேயே, கையில் ஈரத்துணியோடு நின்று, அங்கிருந்து கத்தினாள். நாற்பது வருஷத்தில் எத்தனை அதிகாரிகள் வந்தார்கள், எவன் என்ன தின்றான், தின்றுகொண்டே என்ன வாக்குக் கொடுத்தான், காரில் ஏறினதும் என்ன சொல்லிச் சிரித்தான். எல்லாம் அவளிடம் இருந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. யாரும் பாடவில்லை.

அன்று முழுக்கப் பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் மாரேவா அதைத் தூக்கப் போனபோதுதான் கேட்டது:

"இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் எங்கிட்ட சொல்லலை?"

மாரேவா அதைப் பின்கதவு வழியாகவே காருக்குத் தூக்கிப்போனாள்.

இறுதி விசாரணை ஹார்க்னெஸ் மன்றக் கட்டடத்தில். தலைவர் மனுவை வாசித்துவிட்டு, வைஹாரோ என்கிற ஆள் தன் நீரில் மூன்றில் ஒரு பங்கைத் தரச் சம்மதிக்கிறதா என்று கேட்டார். சும்மா ஒரு சடங்குக்குத்தான். தேநீர் வெளியே தயாராக இருந்தது.

"இல்லை," என்றது ஆறு.

தலைவர் மறுபடி கேட்டார்.

"முதல் தடவையே காது கேட்டிருக்கும், ராபர்ட். உன் தாத்தாவுக்கும் இப்படித்தான், தனக்கு வேண்டாதது காதில் விழாது. அவர் அள்ளிய ஜல்லியில்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது." கனைத்துக்கொண்டது. "டங்கன், நீ என் கரைக்கு இருபத்தாறு தடவை சாப்பிட வந்திருக்கிறாய். ஒரு தடவைகூட உன் தட்டை நீ கழுவியதில்லை. கம்பெனிக்காரர்களே, உங்களுக்கு ஒரு குவளை கிடையாது. வெளியே வைத்திருக்கிற தேநீரையும் குடிக்காமல் போங்கள். அதுவும் என் தண்ணீர்தான்."

பார்வையாளர் வரிசையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். ஹூஹானாதான். தலைவர் அமர்வை ஒத்திவைத்தார். கம்பெனிக்காரர்கள் தேநீர் மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனதை ஊரே பார்த்தது.

மன்றத்துக்கு மூளை இல்லை என்று நினைக்க வேண்டாம், அது வேலை செய்கிற நேரம் தனி. அடுத்த வாரமே குடும்ப நீதிமன்றத்தில் ஒரு மனு. வைஹாரோ என்கிற ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை, ஆகவே அதன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள மன்றத்தையே பாதுகாவலராக நியமிக்க வேண்டும். இரண்டு பொறியாளர்கள் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். திறந்த அமர்வில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோது அதற்குப் புத்தி தெளிவாக இருந்ததாம். இல்லை என்றபோதுதான் கலங்கிவிட்டதாம்.

நீதிபதி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள். கைக்குட்டையை மடித்தபடி, இப்படிப்பட்ட வழக்கில் முதலில் சொந்தக்காரர்களைத்தான் பாதுகாவலராகக் கேட்க வேண்டும், இந்த ஆளுக்கு ரத்த உறவு யாராவது உண்டா என்றார். ஆற்றுக்கு ஏது ரத்த உறவு என்று மன்றத்தின் வக்கீல் புன்னகை செய்தார். ஏபி எழுந்தார். மலையில் ஆரம்பித்தார். மலைக்கு யார், மலையிலிருந்து ஆறு எப்படி, ஆற்றிலிருந்து எந்த மூதாதை, அவருக்கு யார் யார் என்று இருபத்துமூன்று தலைமுறை. நீதிமன்ற எழுத்தர் ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துக்கூட்டிக் கேட்டதில் முக்கால் மணி நேரம் ஆனது. வக்கீல் ஆட்சேபித்தார்.

"ஆற்றை ஆள்னு சொல்ற சட்டத்தோட முதல் பக்கத்துலயே அது இவங்க மூதாதைன்னு எழுதியிருக்கு," என்றார் அம்மாள். "உங்க பக்கத்துல யாரும் முதல் பக்கத்தைப் படிக்கலையா?"

ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. பாதுகாவலராக வேண்டுமானால், அந்த ஆளுக்குப் புத்தி சரியில்லை என்று சொந்தக்காரர்கள் முதலில் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்து வாதாடலாம், தாராளமாக. இரண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மராயில் சொன்ன எடுத்துக்கொள்ளுங்கள் தற்காலிகச் சம்மதமாக நிற்கும். குழாய் போட்டுவிடுவார்கள்.

தாழ்வாரத்தில் ஏபி அந்தப் படிவத்தைத் தொடக்கூட மாட்டேன் என்றார்.

"இப்போதான் முதல் தடவையா நம்ம வாயால உண்மை பேசியிருக்கு. அதைப் பைத்தியம்னு நாமளே எழுதித் தரணுமா? எங்க அப்பா பேச்சு அது, ஹூஹானா. எங்க அப்பாவைப் பைத்தியம்னு எழுதச் சொல்றாங்க."

அவள் அந்தப் படிவத்தை இரண்டு பக்கமும் படித்தாள். எதிர் பெஞ்சில் டங்கன் உட்கார்ந்து தன் தொங்கட்டானைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏபி, இந்த நாட்டுல எவனெவனுக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு இவங்க சொன்னாங்களோ, அவங்க எல்லாரும் நிலத்தை எழுதிக் கொடுத்தவங்கதான். கொடுக்க மாட்டேன்னவன் எவனையாவது புத்திசாலின்னு சொல்லியிருக்காங்களா?"

கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தில் ஏபி சொல்லச் சொல்ல எழுதினாள். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. அப்புறம் அதே பேனாவால், பாதுகாவலர் என்ற முறையில், டஸ்க்லைன் கம்பெனியின் மனு நிராகரிக்கப்படுகிறது என்று இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வக்கீல் அதை மூன்று தடவை படித்தார். பேனாவை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. ஏபி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

கம்பெனி கோபத்தை மரியாதையாகக் காட்டியது. ஊற்று கிடைக்காத ஊரில் கொட்டகையைத் தொடர முடியாதாம். மாதக் கடைசியோடு வாயை நிறுத்தப் போவதாகக் கடிதம் வந்தது. மாரேவாவின் வேலையும் அந்தத் தேதியோடு சரி. இனி மன்றத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் பழையபடி சனங்களைக் கேட்டு, மூன்று நாள் காத்திருக்க வேண்டும். டங்கன் விடுப்பில் போனான்.

பாதுகாவலர் நியமனத்தைச் சம்பந்தப்பட்ட ஆளுக்கு நேரில் தெரிவிக்க வேண்டும் என்பது நீதிமன்ற விதி. ஒரு வியாழக்கிழமை பகலில் மாரேவா பெட்டியைக் கொண்டுவந்து புல்வெளியில் வைத்தாள். ஹூஹானா மாவுக் கையோடு சமையற்கட்டுப் படிக்கு வந்தாள். இரண்டு வருஷமாக அவள் அந்தப் பெட்டியோடு ஒரு தடவைகூட நேருக்கு நேர் பேசியதில்லை. இயந்திரத்தோடு என்ன பேச்சு என்று இருந்தவள். இப்போதும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீதிமன்றத் தாளை அப்படியே வாசித்தாள்.

ஆறு கேட்டுக்கொண்டிருந்தது.

"கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தான்."

"எனக்குப் புத்தி சரியில்லைன்னு?"

"ஆமா," என்றாள் ஹூஹானா. "வேற வழி தெரியலை."

கீழே தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

"அப்போ இனிமே நான் சொல்றது எதுவும் எங்கேயும் செல்லாதா?"

"செல்லாது."

"எவனும் எழுதி வச்சுக்க மாட்டானா? சட்டையில அச்சடிக்க மாட்டானா? பூக் கண்காட்சிக்குக் கூப்பிட மாட்டானா?"

"மாட்டான். மாசக் கடைசி வரைக்கும் நீ என்ன வேணா பேசலாம்."

"அப்பாடா," என்றது வைஹாரோ. ஒரு கனைப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "விடுப்புல போயிருக்கான்ல டங்கன், போன வாரம் மேல் பாலத்துக்கிட்ட காரை நிறுத்திட்டு யாரோட உட்கார்ந்திருந்தான், தெரியுமா?"

மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. ஹூஹானா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரையும் நாற்காலியோடு வரச் சொன்னாள். ஏபிக்கும் சேர்த்து ஒன்று எடுத்துவரச் சொன்னாள்.